குடித்தும் வற்றிய உடம்பு

என் கணவரின் வயிற்றில், தொப்புளுக்கு வலப்பக்கம் சற்றுக் கீழே, ஒரு பை ஒட்டியிருக்கிறது. சிறுகுடலின் ஒரு வளைவை வெளியே எடுத்துத் தோலோடு சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். மலம் இப்போது அந்த வழியாகத்தான் வந்து பையில் விழுகிறது. வெளியே தெரிகிற குடல், உதட்டின் உட்புறம் போலச் சிவப்பாக, எப்போதும் ஈரமாக இருக்கும். அதைத் தொட்டால் வலி தெரியாது என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். முதல் முறை நான் சுற்றித் துடைத்தபோது என் கணவர் மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

"இது டெம்ப்ரரிதாங்க. உள்ள போட்டிருக்கிற தையல் ஆறணும், கீமோ முடியணும். அப்புறம் குடலைத் திரும்ப உள்ள வச்சு மூடிடுவோம்" என்று ஆபரேஷன் செய்த டாக்டர் சொல்லியிருந்தார். என் கணவர் அதை வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அதே வார்த்தைகளில், அந்த 'டெம்ப்ரரி'யோடு சேர்த்துச் சொன்னார். அவர் கதிர் அறுக்கும் மிஷின் ஓட்டுகிறவர். பாபநாசத்தைச் சுற்றிச் சேறு காயாத வயலிலும் இறங்குகிற பெல்ட் மிஷின். அதன் சீட்டில் உட்கார்ந்தால் வயிறும் சேர்ந்து குலுங்கும். அதனால் பையை எடுத்த பிறகுதான் வேலை. பையை எடுத்த பிறகுதான் மகளுக்கு முடியிறக்கிக் காது குத்துவது. பையை எடுத்த பிறகுதான் மற்றவர்கள் வீட்டு விசேஷத்துக்குப் போய்ப் பந்தியில் உட்காருவது. எங்கள் வீட்டில் எல்லாமே அந்த ஒரு நாளுக்காகக் காத்திருந்தது. நானும்தான்.

மலத்தில் ரத்தம் பட்டபோது, இது மூலம் என்றுதான் தொடங்கியது. 'மூலச்சூடு' என்றால் எங்கள் பக்கத்தில் யாருக்கும் விளக்கம் வேண்டாம். எஞ்சின் சூடு சீட்டுக்கு அடியிலிருந்து ஏறுகிறது. பனி உலர்ந்ததும் வயலில் இறங்கினால் பொழுது சாயும்வரை மிஷினை விட்டு எழமாட்டார்கள். ஒரு வயல் முடிந்தால் அடுத்த வயல்காரர் வரப்பில் நிற்பார். என் கணவர் வீட்டுக்கு வரும்போது உதடு வெடித்து, கண் இடுங்கி, முகமெல்லாம் வைக்கோல் தூசியாக இருக்கும். நான் கொடுத்தனுப்பிய தண்ணீர் பாட்டில் பாதிக்கு மேல் அப்படியே திரும்பி வரும்.

"ஏங்க, தண்ணியாவது குடிக்கக் கூடாதா?"

"தண்ணி குடிச்சா எறங்கணும். எறங்குனா மிஷின் நிக்கும். மிஷின் நின்னா வயல்காரரு நிக்க மாட்டாரு, ஆடுவாரு."

நான் பி.எட். படித்தவள். குழந்தை பிறந்ததும் பள்ளி வேலையை விட்டுவிட்டு, உடம்பைப் பற்றி எங்கே எது எழுதியிருந்தாலும் படிப்பதை வேலையாக வைத்திருந்தவள். தண்ணீர் குறைந்தால் மலச்சிக்கல் வரும், முக்கினால் கீறல் விழும், கீறலில் ரத்தம் வரும். படித்ததும் அத்தை சொன்னதும் ஒன்றாகவே இருந்தன. என் மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அத்தை துத்திக்கீரையும் சின்ன வெங்காயமும் வதக்கிக் கொடுத்தார். நான் தண்ணீர் கொடுத்தேன். கும்பகோணத்தில் ஒரு கிளினிக்கில் களிம்பும், இரவில் பாலில் கலக்கிக் குடிக்கிற பொடியும் கொடுத்தார்கள். சில வாரம் ரத்தம் நின்றது. நின்றதால் அது மூலம்தான் என்று எல்லோருக்கும் உறுதியாகிவிட்டது. நின்றுவிட்டு மறுபடி வருவதுதான் உண்மையில் உள்ளே இருந்த நோயின் பழக்கம் என்று எனக்கு அப்போது தெரியாது.

அறுப்பு முடிந்து அவர் வீட்டில் இருந்த மாதங்களில் வேறு சில விஷயங்கள் கண்ணில் பட்டன. காலையில் கழிவறைக்குப் போய்விட்டு வருவார், காபி குடிப்பார், மறுபடி போவார்.

"இப்பதான போனீங்க?"

"சரியாப் போவல."

மறுபடி போவார். ஒரு நாள் இறுக்கம், ஒரு நாள் தண்ணீர். எப்போது போனாலும் இன்னும் மிச்சம் இருக்கிற மாதிரியே இருக்கிறது என்பார். சட்டை தோளில் தொளதொளவென்று நின்றது. மாடிப்படி ஏறினால் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றார். வெயிலில் திரிந்த களைப்பு, தண்ணீர் குடிக்காத களைப்பு என்று நினைத்தேன். மகள் பிறந்ததிலிருந்து அவள் மலத்தை நான் பார்க்காத நாள் இல்லை. என்ன நிறம், எவ்வளவு இளக்கம், சளி இருக்கிறதா என்று தினமும் பார்த்து, அத்தையிடமும் சொல்லுவேன். அதே வீட்டில் ஒரு பெரிய மனிதரின் மலம் பென்சில் அளவுக்கு மெலிந்துபோயிருந்தது. அதை அவர் டாக்டரிடம் சொன்னபோதுதான் பக்கத்தில் உட்கார்ந்து நானும் கேட்டேன்.

ரத்தம் திரும்பி வந்ததை எனக்கு முதலில் சொன்னது மகள்தான். அப்போதுதான் தானாகக் கழிவறைக்குப் போகப் பழகிக்கொண்டிருந்தாள். அப்பா வெளியே வந்த கையோடு உள்ளே ஓடியவள், கதவைத் திறந்துகொண்டு கத்தினாள்.

"அம்மா, அப்பா மருதாணி கரைச்சு ஊத்தியிருக்காங்க!"

போய்ப் பார்த்தேன். அன்று மேல்தொட்டியில் தண்ணீர் இல்லை, குவளைத் தண்ணீர்தான் ஊற்றியிருக்கிறார். கீறல் ரத்தம் சொட்டுச் சொட்டாக மேலே நிற்கும் என்று படித்திருந்தேன். இது சளியோடு கலந்து அடர்த்தியாகக் கிடந்தது.

"எத்தன நாளாங்க?"

அவர் துண்டால் முகத்தை ரொம்ப நேரம் துடைத்தார். "நின்ன மாதிரி இருந்துச்சு. திரும்பவும் வந்துச்சு."

"ஏன் சொல்லல?"

"இத எப்புடி உன்கிட்டச் சொல்றது? வா, வந்து எட்டிப் பாருன்னா?"

தஞ்சாவூரில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனோம். இளம் பெண் டாக்டர். கண்ணின் கீழிமையை இழுத்துப் பார்த்துவிட்டு, ரத்தம் ரொம்பக் குறைவாக இருக்கிறது என்றார். பிறகு, "மூலம்னு யாரு பாத்துச் சொன்னாங்க?" என்று கேட்டார்.

"யாரும் பாக்கலைங்க. கேட்டுட்டுச் சொன்னாங்க" என்றார் என் கணவர்.

டாக்டர் என்னை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, திரையை இழுத்து, விரல் விட்டுப் பார்த்தார். முழுதாக ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. கையுறையைக் கழற்றிவிட்டு என்னை உள்ளே கூப்பிட்டபோது அவர் குரல் தணிந்திருந்தது. "விரலுக்கு எட்டுற தூரத்துலயே கட்டி இருக்குங்க" என்றார். அப்புறம் கொலனாஸ்கோபி, பயாப்ஸி, ஸ்கேன் எல்லாம் எடுத்தார்கள். எல்லாம் சேர்ந்து சொன்னது அந்த விரல் சொன்னதைத்தான். மலக்குடலில் புற்றுநோய். அவருக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை. "இந்த வயசுல வராதுன்னு நெனச்சுட்டாங்க போல" என்று டாக்டர் பொதுவாகச் சொன்னார். யார் என்று அவர் சொல்லவில்லை. நான் என்னையும் சேர்த்துக்கொண்டேன்.

சித்திரையில் கரண்ட் வைத்தார்கள், கதிர்வீச்சுக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். ஆவணியில் ஆபரேஷன். அவர் பையோடு வீட்டுக்கு வந்தார். வீட்டுக்கு வரும்போது கொடுத்த தாளில் உணவைப் பற்றிப் பல வரிகள் இருந்தன. அதில் நான் மனதில் பிடித்துக்கொண்டது ஒரு வரி: நீர் ஆகாரம் நிறையக் கொடுக்கவும்.

எங்கள் பக்கத்தில் நோயாளியைப் பார்க்க யாரும் வெறுங்கையோடு வரமாட்டார்கள். முன்பு ஹார்லிக்ஸ், ஆப்பிள் என்று வாங்கி வருவார்கள். கரண்ட் வைத்த உடம்பு என்று கேள்விப்பட்டதும் எல்லோரும் ஒரே முடிவுக்கு வந்தார்கள் போலிருக்கிறது. இளநீர். யார் வீட்டுக் கொல்லையில் தென்னை இல்லை? குலையோடு வெட்டிப் பைக்கில் கட்டிக்கொண்டு வந்தார்கள். மிஷின் முதலாளி ஒரு மூட்டை அனுப்பினார். வாசலிலிருந்து கொல்லை வரைக்கும் சுவரோரமாகப் பச்சையும் செவ்விளநீருமாகக் குவிந்து கிடந்தது. அத்தை அரிவாளைத் தீட்டி வைத்துக்கொண்டார்.

"கரண்டு வச்சது உள்ளுக்குள்ள அடுப்பு எரியிற மாதிரி. எளநிய விட்டா வேற மருந்து ஏது? நீ பாட்டுக்குக் குடு. தாளுலயும் அதத்தானே எழுதியிருக்கான்?"

எழுதியிருந்தது. நான் கொடுத்தேன். காலையில் இளநீர், வெயில் ஏறியதும் இளநீர், இடையில் வெட்டிவேர் போட்ட பானைத் தண்ணீர், மாலையில் மறுபடி இளநீர். உப்பை மட்டும் குறைத்துவிட்டோம். பெரிய ஆபரேஷன் செய்த உடம்புக்கு உப்பு ஆகாது, தையல் ஆறாது என்று அத்தை சொன்னார். அது எங்கேயும் எழுதியிருக்கவில்லை. ஆனால் தவறாகவும் எனக்குத் தோன்றவில்லை. உப்பைக் குறைப்பது யாருக்கும் நல்லது என்றுதானே எல்லா இடத்திலும் போட்டிருக்கிறது?

பை நிறைந்தது. கொட்டிவிட்டு வந்தால் மறுபடி நிறைந்தது. முதலில் கஞ்சிபோல இருந்தது, பிறகு வெறும் தண்ணீராக வந்தது. அவருக்குத் தாகம் எடுத்தது. தாகத்துக்குக் குடித்தார், குடித்ததும் பை நிறைந்தது. அவருடைய சித்தப்பா பார்க்க வந்தபோது அந்தச் சளசளவென்ற சத்தத்தைக் கேட்டுவிட்டுச் சிரிப்பை அடக்கப் பார்த்தார்.

"என்னடா இது, போர்செட்டு மாதிரி ஓடுது?"

"ஆமாம் சித்தப்பா. ஊருக்கெல்லாம் முறை வச்சுத் தண்ணி வுடுறான். நமக்கு மட்டும் மேட்டூர்லேருந்து நேரா வருது."

"கடமடைக்கு ஒழுங்கா வருதுல்ல? அப்ப நல்ல வருசந்தான்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நன்றாகக் குடிக்கிறார், நன்றாகப் போகிறது, உள்ளே குடல் வேலை செய்கிறது என்று நம்பினேன். இதைக் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன். பையோடு இருக்கிற ஒருவருக்குச் சமைத்துப் போடுகிற யாராவது இதைப் படிக்கக்கூடும்.

புரட்டாசி வெயிலில் கீமோ தொடங்கியது. அதன்பிறகு அவர் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறது என்று அலறினார். நான் காலை மடியில் வைத்து நீவிவிடுவேன். கட்டிலிலிருந்து எழுந்தால் கண் இருட்டுகிறது என்று மறுபடி உட்கார்ந்துவிடுவார். நாக்கு வறண்டு, வார்த்தைகள் ஒட்டிக்கொண்டு வந்தன. சிறுநீர் அபூர்வமாகத்தான் போனது, அதுவும் டீ நிறத்தில். மோதிரம் விரலில் நிற்காமல் கழன்று விழுந்தது. சாப்பிடும்போது, "ஊறுகாய் வைடி, ஊறுகாய் வை" என்று சிறுபிள்ளை மாதிரி கேட்டார். இது என்ன புது ஆசை என்று அத்தை ஊறுகாய் ஜாடியை மேல் அலமாரியில் தூக்கி வைத்தார்.

மகள் கைக்குழந்தையாக இருந்தபோது அவளுக்கு வயிற்றுப்போக்கு வந்தது. உச்சிக்குழி உள்வாங்குகிறதா, அழுதால் கண்ணீர் வருகிறதா, வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் உடனே மட்டமாகிறதா, மூத்திரத் துணி எவ்வளவு நேரம் காய்ந்தே கிடக்கிறது என்று அப்போது எல்லாம் பார்க்கத் தெரிந்துகொண்டேன். சரியான நேரத்தில் தூக்கிக்கொண்டு ஓடினேன். சமர்த்தான அம்மா என்று அங்கே சொன்னார்கள். அந்த வார்த்தையை வெகுநாள் மனதில் வைத்திருந்தேன். இப்போது அதே அடையாளங்கள் அவர் உடம்பில் இருந்தன, எனக்குத் தெரியவில்லை. உடம்பில் நீர் வற்றுவது என்றால் குடிக்காதவருக்கு வருவது என்று என் மூளைக்குள் எழுதியிருந்தது. இவரோ நாள் முழுக்கக் குடித்துக்கொண்டிருந்தார். எதிரே இளநீர் கூடுகள் மலையாகக் கிடந்தன.

கீமோவால் வந்த களைப்பா? ரத்தக் குறைவா? நோய் வேறெங்காவது பரவிவிட்டதா? ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். மணி அடித்ததும் துண்டித்தேன். போன வாரம்தான் ஒன்றுமில்லாத விஷயத்துக்குப் போன் செய்திருந்தேன், அவர்கள் பொறுமையாகப் பதில் சொல்லியிருந்தார்கள். மறுபடி போட்டேன், எடுப்பதற்குள் மறுபடி துண்டித்தேன். என்னவென்று சொல்வது? நன்றாகக் குடிக்கிறார், நன்றாகப் போகிறது, ஆனால் சரியாக இல்லை என்றா?

மறுநாள் மத்தியானம் பையைக் கொட்டப் போனவர் திரும்பவில்லை. கதவைத் தள்ளினேன். சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். விழவில்லை, உட்கார்ந்தேன் என்று சொல்ல முயன்றார். கண் குழிக்குள் போயிருந்தது. அவர் கையின் தோலைப் பிடித்து விட்டேன். அது அப்படியே கூடாரம் மாதிரி நின்றது. அப்போதுதான் தெரிந்தது.

வாடகைக் காரில் தஞ்சாவூர் போகிற வழியெல்லாம் அவர் என் தோளில் தூங்கினார். எழுப்பினால் எழுந்தார், எதையோ சொன்னார், மறுபடி தூங்கினார். ஆஸ்பத்திரியில் இரண்டு கையிலும் ஊசி குத்தி டிரிப்ஸ் ஏற்றினார்கள். ரத்தத்தில் உப்பு மிகவும் இறங்கியிருந்தது, பொட்டாசியம் ஏறியிருந்தது, கிட்னி கிட்டத்தட்ட நின்றுவிட்டது. அதே பெண் டாக்டர் வந்தார்.

"என்ன குடுத்தீங்கம்மா?"

"தண்ணி நல்லாக் குடுத்தேங்க. எளநி குடுத்தேன்."

"எவ்வளவு?"

நான் சொன்னேன். அவர் ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தார்.

"நீங்க தண்ணி குடுக்காம விடல. உப்புதான் குடுக்கல. பெருங்குடல்தாம்மா தண்ணியயும் உப்பையும் உறிஞ்சி உடம்புக்குத் திருப்பிக் குடுக்கும். சாருக்கு அந்த வழி இப்ப மூடியிருக்கு. உப்பில்லாத தண்ணி குடல்ல எறங்குனா, உடம்புல இருக்கிற உப்பையும் இழுத்துக்கிட்டு வெளிய வந்துடும். குடிக்கக் குடிக்கக் காயும். எளநியிலயும் அவருக்கு வேண்டிய உப்பு இல்ல, பொட்டாசியம்தான் நெறய. கிட்னி சோர்ந்திருக்கிறப்ப அது ஆபத்து."

"நீர் ஆகாரம் நிறையன்னு எழுதியிருந்துச்சுங்களே."

"எழுதியிருப்பாங்க. எந்த நீருன்னு சொல்லியிருக்கணும்" என்றார். அவர் குரலில் கோபம் இருந்தது. அது என் மேல் இல்லை என்பது எனக்குப் பெரிய ஆறுதலாக இருக்கவில்லை.

அதன்பிறகு எனக்கு விதிக்கப்பட்ட வேலை, தாகத்தில் இருக்கிறவருக்குத் தண்ணீர் கொடுக்காமல் இருப்பது. ஓ.ஆர்.எஸ். கரைசலைச் சிறுகச் சிறுகக் கொடுக்க வேண்டும். வெறும் தண்ணீரும் டீயும் நாளுக்கு ஒரு சின்ன டம்ளருக்கு மேல் கூடாது. சோற்றில் உப்பைக் கூட்ட வேண்டும். பை தண்ணீராக நிறைந்துகொண்டே இருந்தாலோ, எழுந்தால் தலை சுற்றினாலோ, சிறுநீர் குறைந்தாலோ யோசிக்காமல் வர வேண்டும். இதெல்லாம் கேட்க எளிதாக இருக்கிறது. வார்டில், அன்றைய டம்ளர் தீர்ந்த பிறகு, அவர் கட்டிலில் படுத்துக்கொண்டு, உதட்டை நாக்கால் நனைக்கப் பார்த்தபடி கேட்டது இப்போதும் எனக்குள் இருக்கிறது.

"இந்தா, ஒரு வாய் பச்சத் தண்ணி குடு. வாய்தான் நனைச்சுக்குவேன். முழுங்க மாட்டேன்."

"இதக் குடிங்க" என்று கரைசலை நீட்டினேன்.

"இது கண்ணீர் மாதிரி கரிக்குது."

"கரிக்கட்டும். குடிங்க."

"ஒரு வாய்டி. உன்னக் கும்புடுறேன்."

அத்தையால் பொறுக்க முடியவில்லை. "நாக்கு வறண்டு கெடக்குற புள்ள தண்ணி கேக்குது, இல்லைங்கிறா பாரு. படிச்ச மகராசி! எதிரிக்குக்கூடத் தண்ணி குடுப்பாங்கடி" என்று வார்டில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி அழுதார். பக்கத்துக் கட்டில்காரர்கள் என்னைப் பார்த்தார்கள். நான் ஸ்பூனால் கரைசலை ஊட்டிக்கொண்டே இருந்தேன். டாக்டர் சொன்னது சரியா, நான் சரியாகத்தான் புரிந்துகொண்டேனா, ஒரு வாய் கொடுத்தால் என்ன ஆகிவிடும் என்று உள்ளே கேள்வி ஓடிக்கொண்டிருந்தது. கொடுக்கவில்லை. கொடுத்துத் தவறியவள் இப்போது கொடுக்காமல் தவறுகிறேனோ என்று அந்த வாரம் முழுக்கப் பயந்துகொண்டிருந்தேன்.

கிட்னி திரும்பியது. ஆனால் கீமோவைத் தள்ளிவைத்தார்கள், பிறகு மருந்தின் அளவைக் குறைத்துக் கொடுத்தார்கள். வீட்டில் இளநீரை எடுத்து அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தோம். வருகிறவர்களிடம் வேண்டாம் என்று சொன்னால் முகம் சுண்டினார்கள். அதனால் வாங்கி வைத்துக்கொண்டு, அவர்கள் போனதும் கொடுத்தனுப்பினோம். அத்தை என்னிடம் மன்னிப்பு என்று எதுவும் கேட்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. ஒரு நாள் அவரே ஊறுகாய் ஜாடியை இறக்கி மகன் தட்டில் வைத்தார். பை கஞ்சிப் பதத்துக்கு வந்தது. கார்த்திகை, மார்கழி இரண்டு மாதமும் அவர் முகத்தில் கொஞ்சம் சதை பிடித்தது. தை பிறந்தால் ஸ்கேன், ஸ்கேன் சரியாக இருந்தால் பையை எடுத்துவிடுவார்கள். மிஷின் முதலாளி போன் செய்தபோது, "இந்த சம்பா முடியாதுண்ணே. அடுத்த குறுவைக்கு நான்தான் ஓட்டுறேன்" என்று இவர் சொன்னதைச் சமையலறையிலிருந்து கேட்டேன். அந்தக் குரலை நான் வெகுநாள் கேட்டிருக்கவில்லை.

தையில் ஸ்கேன் எடுத்தார்கள். முடிவு சொல்ல எங்கள் இருவரையும் உட்கார வைத்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. நல்ல செய்தியை டாக்டர்கள் நின்றுகொண்டே சொல்லிவிடுவார்கள். ஈரலில் புள்ளிகள் இருக்கின்றன. ஒன்று இல்லை, சில. இப்போது குடலை மூடுவதைப் பற்றி யோசிக்க முடியாது. வேறு கீமோ தொடங்க வேண்டும். அது கேட்கிறதா என்று பார்த்துத்தான் மற்றது.

"நடுவுல கீமோ தள்ளிப் போனதாலயாங்க?" என்று கேட்டேன்.

"அதனாலன்னு சொல்ல முடியாதும்மா. ஆபரேஷனுக்கு முன்னாடியே கண்ணுக்குத் தெரியாத அளவுல போயிருக்கலாம்."

"சொல்ல முடியாதுன்னா, இல்லன்னு அர்த்தமாங்க?"

டாக்டர் பேனா மூடியைத் திறந்து மூடினார். "தெரியாதுன்னு அர்த்தம்மா" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அதற்காக அவரை மதிக்கிறேன். ஆனால் ஒரு பொய் சொல்லியிருந்தால் நான் அதை வைத்துக்கொண்டு தூங்கியிருப்பேன். பிறகு டாக்டர் எங்கள் மகளின் வயதைக் கேட்டார். இவ்வளவு இளம் வயதில் அப்பாவுக்கு வந்திருப்பதால், பெண் வளர்ந்ததும் அப்பாவுக்கு வந்த வயதுக்குப் பல வருடம் முன்பிருந்தே அவளுக்குப் பரிசோதனை பார்த்துவர வேண்டும், மறந்துவிடாதீர்கள் என்றார். ரத்தம் வந்தால் மூலம் என்று யாராவது சொல்வதை, அவர்கள் பார்க்காதவரைக்கும் நம்பாதீர்கள் என்றார். நான் தலையாட்டினேன். அவளுக்கு இன்னும் செருப்பை இடது வலது பார்த்துப் போடத் தெரியாது.

என் கணவர் எழுந்திருக்கும்போதுதான் கேட்டார்.

"அப்ப பைய எப்ப எடுப்பீங்க?"

"இப்போதைக்கு இருக்கட்டும் சார்."

"இருக்கட்டுமா" என்றார் அவர், யாரோ நலம் விசாரித்ததற்குப் பதில் சொல்கிற மாதிரி. "சரிங்க."

வெளியே நல்ல வெயில். ஆஸ்பத்திரிக்கு எதிரே மருந்துக்கடைக்கு ரோட்டைக் கடந்தோம். அவர் முன்னால் நடந்தார், நான் ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு பின்னால் நடந்தேன். அந்தக் கடையில்தான் நாங்கள் பை வாங்குவோம். எப்போதும் சிலதுதான் வாங்குவோம். சீக்கிரம் எடுத்துவிடப் போகிறார்கள், மிஞ்சிப்போனால் வீணாகும் என்று அவர்தான் கணக்காக வாங்கச் சொல்வார். கடைக்காரர் எங்களைப் பார்த்ததும் வழக்கம்போல எடுத்து உறையில் போடப் போனார்.

"பாக்ஸாக் குடுங்க" என்றார் என் கணவர்.

"முழுசாவாங்க?"

"முழுசாத்தான். எத்தன தடவ வந்து நிக்கிறது?"

கடைக்காரர் உள்ளே போய் ஒரு அட்டைப் பெட்டியை எடுத்து வந்து, துணியால் தூசியைத் தட்டினார். மொத்தமாக வாங்குகிறவர்களுக்கு வரும் சந்தேகம் எங்களுக்கும் இருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ, பெட்டியைத் திருப்பி அதன் பக்கவாட்டில் அச்சிட்டிருந்ததைக் காட்டினார்.

"தேதி ரொம்ப தூரம் இருக்குங்க. நீங்க பாட்டுக்கு வச்சுருந்து எடுத்துக்கலாம். கெட்டுப் போவாது."

என் கணவர் குனிந்து அந்தத் தேதியைப் படித்தார். வாய்க்குள் மாதத்தைச் சொல்லிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "போதும். இதுவே போதும்ங்க" என்றார். நான் வாங்கிக்கொள்கிறேன் என்று கை நீட்டினேன். கொடுக்கவில்லை. பெட்டியைத் தன் இடது கையில் இடுக்கிக்கொண்டு, வண்டி நிறுத்தியிருந்த இடத்தை நோக்கி அவரே நடந்தார்.